மாமியின் சமையலறையில் கேள்விக்குறிகள்

தமிழ் எழுத்து இணையப் பக்கத்தில் கெட்டுப்போவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று குப்பை. தலைக்கு மேல் கோடு இழுத்த ஆங்கில a-வும், வட்டத்துக்குள் அடைபட்ட R-உம் மாறி மாறி வரிசை கட்டி நிற்கும். பார்த்தவர்கள் பதறிப்போவார்கள். எனக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே எழுத்து பத்திரமாக இருக்கிறது, வேஷம்தான் மாறியிருக்கிறது, கலைத்துவிடலாம். இரண்டாவது வகை கேள்விக்குறி. எழுத்து இருந்த இடத்திலெல்லாம் ?????? என்று நிற்கும். பார்ப்பதற்குச் சுத்தமாக, ஒழுங்காக இருக்கும். அதைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

மேற்கு மாம்பலத்தில் வீட்டிலிருந்தபடியே இணையதளம் செய்து கொடுத்துப் பிழைக்கிறவள் நான். தி.நகரில் இரண்டு துணிக்கடை, அடையாறில் ஒரு முதுகுவலி வைத்தியர், இப்படிச் சின்னச் சின்ன ஆட்கள்தான் என் வாடிக்கையாளர்கள். தமிழ் சரியாகத் தெரியவில்லை என்றால் எல்லோரும் போன் செய்து ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: "ஃபாண்ட் போயிடுச்சு மேடம்." ஃபாண்ட் எங்கேயும் போயிருக்காது. போயிருந்தால் கட்டம் கட்டமாக அல்லவா தெரியும்? இதை விளக்கி விளக்கி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். இப்போதெல்லாம் "சரி சார், ஃபாண்டை வரவழைச்சுடறேன்" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கிறேன்.

என் வாடிக்கையாளர்களில் எனக்குக் காசு தராத ஒரே ஆள் மயிலாப்பூர் மாமி. அதற்குப் பதிலாக தினமும் எனக்கு மத்தியானச் சாப்பாடு வந்துவிடும். யார் லாபம் என்று கேட்டால் சந்தேகமில்லாமல் நான்தான்.

குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், வீட்டின் கீழ்த்தளம் முழுவதையும் சமையலறையாக்கி, கேரியர் சாப்பாடு அனுப்புகிறார் மாமி. வயதானவர்கள், தனியாக இருப்பவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று பலதரப்பட்டவர்களுக்குப் போகும். மாமியிடம் ஒரு வினோதமான பழக்கம். கேரியரில் யார் பெயரும் இருக்கக்கூடாது, எண் மட்டும்தான். கேட்டதற்கு, "பேர் தெரிஞ்சா இவா யாரு, எந்த ஊரு, என்ன ஜாதின்னு சமைக்கறவாளுக்கு யோசனை ஓடும்டி. சாப்பாட்டுக்கு நம்பர் போறும்" என்றார். அதனால் நான் செய்து கொடுத்த பக்கத்திலும் பெயர் கிடையாது. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு போன் நம்பர், ஒரு முகவரி, கீழே ஒரு பெரிய கட்டம். அந்தக் கட்டத்தில் சாப்பிடுகிறவர்களோ அவர்கள் வீட்டாரோ தமிழில் குறிப்பு எழுதி வைப்பார்கள். உப்பு கம்மி, காரம் வேண்டாம், பால் ஆகாது, இப்படி. காலையில் மாமி அந்தப் பக்கத்தைத் திறந்து ஸ்டிக்கர் அச்சடித்து ஒவ்வொரு கேரியரிலும் ஒட்டச் சொல்வார். தனிக் குறிப்பு உள்ளவர்களுக்கு விடியற்காலையில் முதல் வேலையாகச் சின்னச் சின்னப் பாத்திரங்களில் தனிச் சமையல் நடக்கும். அதற்கப்புறம்தான் பெரிய வாணலி அடுப்பில் ஏறும்.

அன்றைக்குக் காலையில் நான் இரண்டாவது காப்பியைக் கையில் எடுத்தபோது மாமியின் போன் வந்தது.

"ஃபாண்ட் போயிடுத்து" என்றார்.

"கட்டம் கட்டமா தெரியறதா மாமி?"

"இல்லைடி. எல்லாம் கேள்விக்குறி. ராத்திரி வரைக்கும் நன்னாத்தான் இருந்துது. வைஃபையை அணைச்சுப் போட்டேன், பிரிண்டரை அணைச்சுப் போட்டேன், ஒண்ணும் நடக்கலை. ஒண்ணாம் நம்பர் குறிப்பு எனக்கு ஞாபகம் இருந்துது, திரும்ப டைப் பண்ணி சேமி அழுத்தினேன். ஜம்முனு தமிழ்ல வந்துடுத்து! அப்புறம் ஞாபகம் இருக்கறதையெல்லாம் டைப் பண்ணிட்டேன். ஞாபகம் இல்லாததுக்கெல்லாம் வெறுமனே சேமி மட்டும் அழுத்திண்டு வரேன். அதுதான் சரியாக மாட்டேங்கறது."

எனக்குக் காப்பி புரையேறியது.

"மாமி, கையை எடுங்கோ! அந்தப் பொத்தானைத் தொடாதீங்கோ!"

"ஏன்டி கத்தறே? சேமின்னா சேமிச்சு வெக்கறதுதானே? கெடாம இருக்கட்டும்னுதான் அழுத்தினேன்."

ஒருமுறை மின்சாரம் போய் அரைமணி நேரம் டைப் செய்தது காணாமல் போனதிலிருந்து மாமிக்கு அந்தப் பொத்தான் மேல் அபார பக்தி. எதைத் திறந்தாலும் மூடுவதற்கு முன் ஒரு சேமி. மாற்றினாலும் சேமி, மாற்றாவிட்டாலும் சேமி. மற்ற நாளில் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. அன்றைக்கு அதைவிட மோசமான காரியம் வேறு எதுவும் செய்திருக்க முடியாது. திரையில் மட்டும் கேள்விக்குறி தெரிந்தால் உள்ளே நிஜமான எழுத்து இருக்க வாய்ப்பு உண்டு. அந்தக் கேள்விக்குறியோடு சேமி அழுத்தினால் நிஜ எழுத்தின் மேலேயே கேள்விக்குறி போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் யார் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இந்த வேலையை வீட்டிலிருந்தே செய்திருக்கலாம். ஆனால் மாமியையும் அந்தப் பொத்தானையும் தனியாக விட எனக்குத் தைரியமில்லை. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். துரைசாமி சுரங்கப்பாதையில் நின்று, பனகல் பார்க்கில் நின்று, மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்ட இடத்திலெல்லாம் நின்று நின்று போனது. வழியெல்லாம் ஆட்டோக்காரரையும், மெட்ரோவையும், மாமியையும், கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்தவரையும் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

சமையலறையில் வேர்க்கடலை வறுத்த வாசனை தூக்கியது. அன்றைக்குக் கத்திரிக்காய்ப் பொரியல். மாமி அதில் வறுத்த வேர்க்கடலைப் பொடியைத் தாராளமாகத் தூவுவார். டப்பாக்களை நிரப்பி அடுக்குகிற திருவல்லிக்கேணிக்காரர், நாற்பது வயதிருக்கும், எப்போதும் வாய் ஓயாதவர், அன்றைக்கு அடுக்கிய டப்பாக்களையே மறுபடி மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இந்தத் திங்கட்கிழமை அடையாறு ஸ்கூலுக்குப் புதுசா நாலு கேரியர் சேர்ந்துதே" என்றார் மாமி. "அதுல ஒரு குழந்தைக்கு வேர்க்கடலை ஆகாது. கொஞ்சம் பட்டாலே மூச்சு முட்டிடுமாம். அம்மாக்காரி லேண்ட்லைன்ல கூப்பிட்டு அழுதுண்டே சொன்னா. 'கட்டத்துல எல்லாத்தையும் எழுதிடு, நான் பாத்துக்கறேன்'னு சொல்லிட்டேன். அவளுக்குத் தனி வாணலியில, தேங்காய் எண்ணெயில, வெங்காயம் பூண்டெல்லாம் போட்டுப் பண்ணி மூடி வெச்சிருக்கேன். ஆனா எந்த நம்பர்னு தெரியலையேடி."

"நீங்க எங்கேர்ந்து சேமி அழுத்த ஆரம்பிச்சேள்?"

"கடைசிலேர்ந்து. புதுசா வந்தவாதானே எனக்கு ஞாபகம் இல்லை."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. திட்டத்தான் வாயைத் திறந்தேன். மாமி அந்த நான்கு கேரியர்களையும் தனியாக எடுத்து வைப்பதைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

"உங்களுக்குமா ஞாபகம் இல்லை?" என்று டப்பா அடுக்குகிறவரைக் கேட்டேன்.

"நான் ஸ்டிக்கர் பாத்து வெக்கறவன்க்கா. தினிக்கும் அத்தினி டப்பா வருது. அறுவத்தொண்ணா, அறுவத்திரண்டா, எனக்கு இன்னா தெரியும்? நேத்து ஸ்டிக்கர்லாம் கழுவசொல்லவே பூட்ச்சு."

"நாலுக்கும் பொதுவா வேற ஏதாவது பண்ணி அனுப்பிடலாமே மாமி?"

"எப்படிடி முடியும்? வேர்க்கடலை வறுத்தாச்சு, பொடியும் பண்ணியாச்சு. இனிமே புதுசா ஒண்ணு பண்றதுன்னா சமையலறை பூராவும் கழுவணும். பத்தரைக்கு ஸ்கூல் பை கிளம்பணும்." பிறகு மெல்லச் சொன்னார்: "நிச்சயமா தெரியலைன்னா நாலையும் அனுப்ப மாட்டேன். நாலு குழந்தையும் பட்டினி கிடக்கட்டும். தப்பா அனுப்பிட்டு என்னால உயிரோட இருக்க முடியாது."

பரிமாறும் மேடையின் ஓரத்தில் மடிக்கணினியை வைத்துத் திறந்தேன். பக்கத்தை விட்டுவிட்டு, எழுத்தெல்லாம் சேமித்து வைத்திருக்கும் கிடங்கை நேராகத் திறந்து, எழுத்தாகப் பார்க்காமல் அதன் அடியில் இருக்கும் எண்களாகப் பார்த்தேன். தமிழ் எழுத்து உயிரோடு இருந்தால் E0 AE, E0 AF என்று மறுபடி மறுபடி வரும். கேள்விக்குறி என்றால் 3F. முதலில் ஒரு பழைய எண்ணைத் திறந்தேன். E0 AE. அடுத்தது, E0 AE. அதற்கடுத்ததும் அப்படியே. வாய்விட்டு "அப்பாடா" என்றேன். கிடங்கில் தமிழ் அப்படியே இருந்தது.

விஷயம் இதுதான். பக்கத்தை வைத்திருக்கும் கம்பெனிக்காரர்கள் முந்தின இரவு எங்களிடம் சொல்லாமல் எல்லாவற்றையும் புது இயந்திரத்துக்கு மாற்றியிருந்தார்கள். கிடங்குக்கும் பக்கத்துக்கும் நடுவில் எழுத்தை வாங்கிக் கொடுக்கிற ஒரு தரகர் உண்டு. பழைய இயந்திரத்தின் தரகருக்குத் தமிழ் தெரியும். புதியவருக்கு ஐரோப்பிய எழுத்து மட்டும்தான் தெரியும். தனக்குத் தெரியாத ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியை நீட்டிவிட்டார். 'எல்லாவற்றையும் யூனிகோடிலேயே பேசு' என்று அந்தத் தரகருக்கு ஒரு வரி எழுதினேன். பக்கத்தைப் புதுப்பித்தேன். வரிசை வரிசையாகத் தமிழ் வந்து நின்றது. உப்பு கம்மி. நெய் வேண்டாம். சாம்பாரில் பூசணிக்காய் போடாதீர்கள், என் கணவருக்குப் பிடிக்காது. இதற்கு முன் அந்தக் குறிப்புகளை நான் இத்தனை ஆசையாகப் படித்ததே இல்லை.

"ஐயய்யோ!" என்றார் மாமி. "நான் டைப் பண்ணினதெல்லாம் நன்னா இருந்துதே! இப்போ அதையெல்லாம் கெடுத்துட்டியேடி!"

உண்மைதான். மாமி காலையில் மறுபடி டைப் செய்தவை மட்டும் இப்போது கோடு போட்ட a-வும் வட்டத்துக்குள் R-உமாக மாறியிருந்தன. அந்த மக்குத் தரகர் வழியாக உள்ளே போனவை அவை. தமிழ் என்று தெரியாமலேயே துண்டு துண்டாக ஐரோப்பிய எழுத்தாக வாங்கி வைத்தவர், கேட்டபோது அதே துண்டுகளைத் திருப்பிக் கொடுத்தார், பக்கத்தில் அவை தமிழாகவே தெரிந்தன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது குப்பை மாமி. குப்பைன்னா கவலையே வேண்டாம்" என்று சொல்லி, ஒரே கட்டளையில் அவற்றையும் தமிழாக்கினேன். மாமி என்னை ஒரு மந்திரவாதியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அதை நான் மறுக்கவில்லை.

மீதி இருந்தவை வெறும் சேமி வாங்கினவை. அவற்றின் எண்களைப் பார்த்தேன். 3F 3F 3F என்று கடைசிவரை அதுவேதான். போன மாதம் நான் எடுத்து வைத்த நகல் ஒன்று மடிக்கணினியில் இருந்தது. அதிலிருந்து பழைய ஆட்களின் குறிப்புகளை எடுத்துப் போட்டேன். எல்லாம் சரியாயின, திங்கட்கிழமை சேர்ந்த அந்த நான்கைத் தவிர. கம்பெனிக்காரர்களிடம் நேற்றைய நகலைக் கேட்டால், மாலைக்குள் பார்க்கிறோம் என்று பதில் வந்தது. அந்தப் பதிலுக்கு நான் எழுதின பதிலை இங்கே எழுத முடியாது.

போன் நம்பர் நல்லவேளையாக வெறும் எண்கள், ஒன்றும் ஆகவில்லை. மாமி நான்கு பேரையும் கூப்பிட்டார். ஒரு அம்மா உடனே எடுத்து, பால் தயிர் ஆகாது என்று தன் எண்ணைச் சொன்னார். இன்னொருவர், காரம் மட்டும் குறைத்தால் போதும் என்றார். மீதி இரண்டு போனும் மணி அடித்துக்கொண்டே இருந்தன. ஒரு குழந்தைக்கு வேர்க்கடலை ஆகாது. இன்னொரு வீட்டில் வெங்காயம் பூண்டு சேர்ப்பதில்லை. அறுபத்தொன்று, அறுபத்துநான்கு. எது எது என்று தெரியவில்லை. "வேர்க்கடலைக் குழந்தையோட அம்மா நர்ஸு" என்றார் மாமி. "டியூட்டில இருந்தா போனை எடுக்க மாட்டா." பத்து மணி தாண்டிவிட்டது. பள்ளிக்கூடப் பை வாயைத் திறந்துகொண்டு தரையில் கிடந்தது.

மறுபடி மறுபடி போன் செய்துகொண்டே இரண்டு எண்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியாததால்தான் அப்படிச் செய்தேன். அறுபத்தொன்றில் ஒற்றை வரி. இரண்டு மூன்று சொற்கள் இருக்கலாம், ஒரு முற்றுப்புள்ளி, அவ்வளவுதான். அறுபத்துநான்கில் கட்டம் நிறையக் கேள்விக்குறி. வரிக்குமேல் வரி. நடுநடுவே இடைவெளி விட்டு, மறுபடி தொடங்கி, கடைசியில் மூன்று ஆச்சரியக்குறி. தமிழ் எழுத்துகள்தான் கேள்விக்குறியாகிப் போயிருந்தன. முற்றுப்புள்ளியும் ஆச்சரியக்குறியும் இடைவெளியும் அந்த மக்குத் தரகருக்கும் தெரிந்தவை என்பதால் தப்பித்திருந்தன.

மாமி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு மிக அருகில் வந்தார்.

"இது அவதான்" என்றார்.

"எப்படிச் சொல்றேள்?"

"பாருடி. வெங்காயம் வேண்டாம்னு சொல்றவா இவ்வளவு எழுதுவாளா? இது பயந்து பயந்து எழுதினது. எழுதிட்டு, போறாதுன்னு திரும்ப எழுதியிருக்கா."

"அப்போ அனுப்பிடலாம் மாமி" என்றேன்.

"மாட்டேன்."

"நீங்களே அவதான்னு சொன்னேளே!"

"எனக்குத் தோணறது. தோணினதை ஒரு குழந்தைக்குச் சாப்பிடக் குடுக்க மாட்டேன்."

மாமி சொன்னது சரி என்பதுதான் எரிச்சல். டப்பா அடுக்குகிறவர் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். "வண்டி நிக்கிது மாமி, டிரைவர் வேற கத்திக்கினு கீறான்" என்றார். மாமி அசையவில்லை. தனி வாணலியின் மூடிமேல் கையை வைத்தபடி நின்றார்.

அப்போது போன் அடித்தது. மாமி ஒலிபெருக்கியைப் போட்டார். எதிர்முனையில் ஒரு பெண்ணின் குரல் மூச்சிரைத்தது.

"மாமி, இத்தனை தடவை கூப்பிட்டிருக்கீங்க... என் பொண்ணுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை, ஒண்ணும் ஆகலைம்மா. சாப்பாடு இன்னும் இங்கேயேதான் இருக்கு. உன் நம்பர் என்ன, அதை மட்டும் சொல்லு."

"அறுபத்திநாலு."

மாமி கண்ணை மூடிக்கொண்டார். டப்பா அடுக்குகிறவர் அதற்குள் தேங்காய் எண்ணெய்ப் பொரியலை அறுபத்துநான்கில் வைத்து மூடிவிட்டார். அறுபத்தொன்றையும் மற்ற இரண்டையும் சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டு, "போய்க்கினே கீறேன்!" என்று வெளியே ஓடினார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அத்தனை நேரம் எங்கே இருந்ததோ, அப்போதுதான் எனக்குப் பசி தெரிந்தது.

போனில் அந்தப் பெண் இன்னும் இருந்தார். மாமி நடந்ததைச் சொன்னார், தான் சேமி அழுத்தியதையும் மறைக்காமல்.

"அப்போ நான் எழுதினது ஒண்ணுமே உங்களுக்குத் தெரியலையா மாமி? ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். யாராவது படிப்பாங்களா, வெறுமனே எழுதறோமான்னு நினைச்சுக்கிட்டேதான் எழுதினேன்."

"ஓர் எழுத்துகூடத் தெரியலைம்மா. எல்லாம் கேள்விக்குறியா வந்துது" என்றார் மாமி. "ஆனா நீ எழுதினதுன்னு பாத்த உடனே தெரிஞ்சுடுத்து."

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம். பயத்தில் அழுவது அல்ல அது என்று எனக்குப் புரிந்தது. என் கண்ணும் கலங்கிவிட்டது. புடவைத் தலைப்பு இல்லாததால் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டேன்.

"டியூட்டி முடிஞ்சதும் திரும்ப எழுதிடறேன் மாமி" என்றார் அவர்.

"வேண்டாம். நீ சொல்லு, நான் இப்போவே எழுதறேன்."

மாமி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்தப் பெண் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஒற்றை விரலால் டைப் செய்தார். வேர்க்கடலை கூடாது. வேர்க்கடலை எண்ணெய் கூடாது. அதே கரண்டி கூடாது. அவளுக்குப் பக்கத்தில் யாராவது சாப்பிட்டால்கூட அவளை எழுந்துவிடச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்திலும் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு எழுத்தும் திரையில் தமிழாகவே வந்து உட்கார்ந்தது, நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அவ்வளவுதான் மாமி" என்றார் அந்தப் பெண்.

மாமி திரையை மறுபடி ஒருமுறை படித்தார். பிறகு, அந்தப் பெண் சொல்லாமலேயே, கடைசியில் மூன்று ஆச்சரியக்குறிகளையும் போட்டார்.